கஞ்சித் தண்ணீரில் பதினைந்து சொட்டு

அன்று காலை அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாற்காலியில் டாக்டர் ஐயா. மருந்து அலமாரிப் பக்கம் கம்பவுண்டர் ரெங்கசாமி. மாஜிஸ்திரேட் உத்தரவுக் காகிதத்தோடு ஒரு ஏட்டு. கயிற்றால் கை கட்டப்பட்ட சுருளியாண்டி. அவருக்குப் பைத்தியம் என்று மனுக் கொடுத்த அண்ணன் பெத்தணன், நெற்றியில் கட்டோடு. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சுருளியாண்டியின் பெண்சாதி பேச்சியம்மாள். அவள் இடுப்பில் நாலு வயதுப் பெண் பிள்ளை ராக்கு. கதவுக்குப் பின்னால் வார்டு ஆள் சின்னச்சாமி. அது நான்.

எட்டுப் பேர். அதில் மூன்று பெரியவர்களுக்கு விஷயம் தெரியும். மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை.

உத்தரவு இதுதான். பத்து நாள் ஆசுபத்திரியில் வைத்துப் பார்த்து, இந்த ஆள் பைத்தியமா இல்லையா என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். ஆம் என்று எழுதினால் மெட்ராஸ் பைத்தியக்கார ஆசுபத்திரி. எங்கள் பக்கத்திலிருந்து அங்கே போலீசோடு ரயிலேறிப் போனவர்கள் இருவரை எனக்குத் தெரியும். இருவரும் திரும்பவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், பெரிய ஆசுபத்திரியில் மனநோய்க்கென்று தனி வார்டு வந்திருக்கிறது. போதையை விடுவதற்கும் அங்கே படுக்கை உண்டு. அங்கே வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். "இதுக்குன்னு ஊசி, மாத்திரை இல்லாத காலத்துல நீங்க என்னதான் பண்ணுனீக?" என்று கேட்டார்கள். "பாத்துக்கிட்டு இருந்தோம்" என்றேன். சிரித்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன். பார்ப்பதுதான் வேலையாக இருந்தது.

எனக்கு ஜெயமங்கலம். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். பத்தொன்பது வயதில் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஆசுபத்திரியில் சேர்ந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். முதல் வருடம் பெருக்கினேன், கழுவினேன். இரண்டாம் வருடம் கட்டுத் துணி அவிக்க விட்டார்கள். மூன்றாம் வருடம் தெர்மாமீட்டர் பார்க்கவும் நாடி எண்ணவும் டாக்டர் சொல்லிக் கொடுத்தார். என் படிப்பு அவ்வளவுதான்.

டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லி. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நோயாளி உட்கார்ந்திருந்தால் அவர் நின்று பேச மாட்டார். புத்தி கலங்கியவர்களிடம் பேசும்போது இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்திருப்பார், அவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி. ஒரே கேள்வியை மூன்று நாள் மூன்று விதமாகக் கேட்பார். நோயாளி யாரையும் வா, போ என்று சொல்லக் கூடாது. கயிற்றில் கட்டி இழுத்து வந்தவரையும் "வாங்க" என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

பார்த்ததை எழுத எனக்கு ஒரு நோட்டுக் கொடுத்திருந்தார். ஒருமுறை ஒருவரைப் பற்றி "கோபமாக இருந்தார்" என்று எழுதினேன். கூப்பிட்டார்.

"கோபத்தை எங்கே பார்த்தே?"

"மூஞ்சில ஐயா."

"மூஞ்சில என்ன பார்த்தே?"

"பல்லக் கடிச்சாரு."

"அதை எழுது. கோபமா இல்லையான்னு நான் சொல்லிக்கிறேன்."

அதிலிருந்து நினைத்ததை எழுதுவதில்லை. எழுத்துக் குறைந்தது. பேச்சும் குறைந்தது.

சுருளியாண்டிக்குக் காமயகவுண்டன்பட்டி. மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காவல் போகிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் பானைகளை உடைத்தார், அண்ணனைச் செம்பால் அடித்தார், உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று வேட்டியை அவிழ்த்துப் போட்டுத் தெருவில் ஓடினார். மனுவில் இவ்வளவும் இருந்தது.

டாக்டர் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். ஏட்டு தயங்கினார். "கடிப்பான் ஐயா."

"கடிச்சா எழுதிக்கிறோம். அவிழுங்க."

அவர் கடிக்கவில்லை. பின்பக்கத்துக் கம்பி அறையில் படுக்க வைத்தோம். நான் வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு என் நோட்டில் இருந்தது இது: கொட்டாவி. மூக்கில் நீர். கண்ணில் நீர், ஆனால் அழவில்லை. கையில் மயிர் சிலிர்த்திருந்தது, நல்ல வெயில் நேரம். காலை உதைத்துக்கொண்டே இருந்தார். பேதி நாலு தடவை. தூக்கம் இல்லை.

டாக்டர் படித்தார். "நாளைக்குக் கொட்டாவியை எண்ணு" என்றார்.

இரண்டாம் நாள் ஒரு கொட்டாவிக்கு ஒரு புளியங்கொட்டை வீதம் தகர டப்பாவில் போட்டேன். மதியத்துக்குள் அறுபத்தொன்று. டாக்டர் டப்பாவை வாங்கி உள்ளே பார்த்தார்.

"இது பைத்தியம் இல்லை. இவர் எதையோ நிறுத்தியிருக்கார்" என்றார்.

சுருளியாண்டியிடம் கேட்டார். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணனைக் கேட்டார். "எந்தம்பிக்கு ஒரு கெட்ட பழக்கமும் கெடையாது ஐயா" என்றார் பெத்தணன். மூன்றாம் நாள் பேச்சியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்.

"பேரச் சொல்லக் கூடாது ஐயா. சாமிகிட்ட வச்சாச்சு" என்றாள்.

"பேரைச் சொல்ல வேண்டாம். எவ்வளவுன்னு காட்டுங்க."

கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து ஒரு குண்டுமணி அளவு காட்டினாள். "இம்புட்டு. காலைல ஒண்ணு, பொழுதடைய ஒண்ணு. மலைக்குப் போன எட்டு வருசமா. காச்சலுக்கு நல்லதுன்னு அங்கன கங்காணி குடுத்துப் பழக்குனாரு. எங்கிட்டு நிறுத்த."

அபின். டாக்டருக்கு விளங்கிவிட்டது. எனக்கும் அப்போதுதான் விளங்கியது. வெட்கமாக இருந்தது. அவர் வெளியூர்க்காரர், நான் இந்தப் பக்கத்து ஆள். எங்கள் பக்கத்தில் ஒன்றை விடுவதென்றால் கருப்பசாமி கோயிலில், உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கி முன்னால் சத்தியம் வைப்பார்கள். வைத்தபின் அதன் பேரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. பேரைக் கேட்டால் அது திரும்பி வரும் என்பார்கள். அண்ணன்காரர்தான் தம்பியைக் கோயிலுக்குக் கூட்டிப் போனவர். தம்பியைப் பைத்தியம் என்று சொன்னாலும் சொல்லலாம், சத்தியத்தைக் கெடுக்கக் கூடாது என்று இருந்திருக்கிறார். இது எனக்கு மூன்று நாளாகத் தோன்றவில்லை.

இன்னொன்றும் பேச்சியம்மாள் சொன்னாள். சத்தியம் வைத்தது ராக்கு தலையில் கை அடித்து.

டாக்டர் அபின் டிங்சரை எடுத்தார். பழுப்பு நிறம். "எட்டு வருஷத்தை ஒரே நாள்ல நிறுத்தக் கூடாது. கொஞ்சம் குடுத்து, குறைச்சுக்கிட்டே வரணும்" என்றார். இருபது சொட்டு எண்ணித் தண்ணீரில் விட்டு அவரே கொண்டுபோனார்.

சுருளியாண்டி மோந்து பார்த்தார். "அதுதான இது?"

"ஆமாம்" என்றார் டாக்டர்.

"வேணாம் ஐயா. எம் பிள்ள செத்துப்போகும்."

"குடிக்கலைன்னா நீங்க பிழைக்க மாட்டீங்க. உடம்புல தண்ணியே இல்லை. மலைக்காய்ச்சல்ல மண்ணீரல் வீங்கிக் கிடக்கு. தாங்காது."

"நான் போனாப் போறேன்."

டாக்டர் கிளாசைக் கீழே வைத்தார். வெளியே வந்ததும் கம்பவுண்டர் சொன்னார், "கஞ்சில கலந்து குடுத்தாப் போச்சு. இதுக்கு ஒரு பஞ்சாயத்தா ஐயா?"

"இருபது நாள் வைத்தியம் இருக்கு ரெங்கசாமி. முதல் நாளே பொய் சொன்னா, தெரிஞ்சப்புறம் நம்ம கையால தண்ணிகூட வாங்க மாட்டார்."

பிறகு என்னைக் கேட்டார். "இந்தச் சத்தியத்தை யார் முன்னால வச்சாங்க?"

"கோடாங்கி முன்னால ஐயா. கோம்பைல இருக்காக."

"அவர் வருவாரா?"

நான் எதிர்பார்க்கவில்லை. வருவார் என்றேன். பெத்தணனை அனுப்பினோம். மறுநாள் டாக்டர் பெரியகுளம் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போக வேண்டும். தள்ளிப்போட முடியாது. அன்று சாயங்காலமே புறப்பட்டார். போகும்போது என்னிடம் சொன்னார், "கால் மணிக்கு ஒருதரம் கஞ்சித் தண்ணி, உப்புப் போட்டு. நாடி எண்ணு. அவர் சம்மதிக்காம வேற ஒண்ணும் குடுக்காதே. நாளை மறுநாள் காலைல வந்துடுவேன்."

நாலாம் நாள். அந்த நாளை மட்டும் நான் மறக்கவில்லை.

காலையில் நாடி நூற்றுப் பத்து. பத்து மணிக்கு நூற்று இருபத்தி நாலு. கஞ்சித் தண்ணீர் உள்ளே போனது வெளியே வந்தது. பேதி மதியத்துக்குள் ஒன்பது. கன்னம் ஒட்டிவிட்டது. தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. இரண்டு மணிக்கு நாடியை என்னால் எண்ண முடியவில்லை. நூல் போல ஓடியது, விரலுக்குக் கீழே நழுவியது. இரண்டு தரம் விட்டுவிட்டு மறுபடி பிடித்தேன். பேச்சியம்மாள் அவர் காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். "ஏலே சின்னச்சாமி, ஆள் போயிட்டா நாளைக்கு ஐயா ஒன்னயத்தான் கேப்பாக" என்றார். மருந்து அலமாரிச் சாவியை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். மறந்து வைத்தாரா, வேண்டுமென்று வைத்தாரா, நான் பிறகும் கேட்கவில்லை.

மூன்று மணிக்குச் சாவியை எடுத்தேன். இருபதுக்குப் பயந்து பதினைந்து எண்ணினேன். கஞ்சித் தண்ணீரில் விட்டு, கசப்புத் தெரியாமல் இருக்க நார்த்தங்காய் ஊறுகாயைக் கரைத்தேன்.

தலையைத் தூக்கிப் பிடித்தேன். அவர் கண்ணைத் திறந்தார்.

"வெறுங் கஞ்சிதான?"

"கஞ்சிதான்."

"ஒங் கையால குடு. நீ பொய் சொல்ல மாட்ட" என்று சொல்லிக் குடித்தார்.

அரை மணியில் கொட்டாவி நின்றது. கால் உதைப்பது நின்றது. நாலு மணிக்கு நாடி நூற்று நாலு, எண்ணும்படி இருந்தது. பிறகு கொடுத்த கஞ்சி வயிற்றில் தங்கியது. தூங்கினார். சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று பேச்சியம்மாள் தரையில் விழுந்து கும்பிட்டாள்.

நோட்டில் எழுதினேன்: கஞ்சி குடித்தார். தூங்கினார்.

இரண்டும் பார்த்தது. பார்த்ததை எழுதினேன். செய்ததை எழுதவில்லை.

ஐந்தாம் நாள் காலை டாக்டரும் கோடாங்கியும் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். கோடாங்கிக்கு அறுபது வயதிருக்கும். உடுக்கையைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். டாக்டர் எழுந்து நாற்காலியைக் காட்டினார்.

"வேணாம் ஐயா. நாற்காலில உக்காந்தா சாமி எறங்குறதுக்கு எடம் தேடும்" என்று தரையில் உட்கார்ந்தார். டாக்டரும் தரையில் உட்கார்ந்தார். ஆசுபத்திரியில் யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"நீங்க ஊசி குத்துறீக, நான் உடுக்கை அடிக்கேன்" என்றார் கோடாங்கி. "பொழச்சவன் நம்ம ரெண்டு பேரயும் கும்புடுறான். செத்தவன் வந்து குறை சொன்னதில்ல. நம்ம தொழில் நல்ல தொழில் ஐயா."

டாக்டர் சிரித்தார். பிறகு சொன்னார், "இவர் விடணும். அதுல எனக்கும் உங்களுக்கும் ஒரே எண்ணம்தான். ஆனா கொஞ்சம் கொஞ்சமா விட நாள் வேணும். சாமிகிட்ட நாள் கேட்க முடியுமா?"

கோடாங்கி யோசித்தார். "தவணை கேக்கலாம். வழக்கம் உண்டு. ஆனா சத்தியம் கெடாம இருக்கணும். கெட்டுட்டா கேக்க மொகம் இல்ல." சுருளியாண்டி பக்கம் திரும்பினார். "ஏலே சுருளி, வச்சதுக்கு அப்புறம் நாக்குல பட்டுச்சா?"

"படல சாமி."

"பிள்ள மேல சொல்லு."

"எம் பிள்ள மேல படல."

நான் கதவோரம் துண்டு பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் தவணை கிடையாது, தவணை இல்லாவிட்டால் மருந்து கிடையாது. அப்படித்தான் அப்போது நினைத்தேன். பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

கோடாங்கி வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியே இலையில் மடித்துக் கட்டிப் போட்டார். வெள்ளை வந்தால் சாமி சம்மதம். ராக்குவை எடுக்கச் சொன்னார். அது இரண்டையும் பார்த்து, ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தது. வெள்ளை.

ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து சுருளியாண்டி மணிக்கட்டில் கட்டினார். "இருபத்தோரு நாள் தவணை. அதுக்கு மேல பட்டா சாமி பொறுக்காது. பிள்ளைய நெனச்சுக்க."

டாக்டர் விரலில் எண்ணிப் பார்த்தார். "இன்னைக்கு இருபது சொட்டு. தினம் ஒரு சொட்டு குறைப்போம். இருபத்தோராம் நாள் ஒண்ணும் இருக்காது."

"கணக்குத் தெரிஞ்ச ஆளு" என்றார் கோடாங்கி.

அதன்பின் சொட்டு விடுவது என் வேலை. காலை ஆறு, மதியம் ஒன்று, மாலை ஏழு. வேளைக்கு இத்தனை சொட்டு என்று கணக்கு, மூன்று வேளையும் ஒரே அளவு. கண்ணாடிக் குழாயை நேராகப் பிடிக்க வேண்டும். சாய்த்தால் சொட்டுப் பெரிதாகும். சன்னல் வெளிச்சத்தில் நின்று எண்ண வேண்டும். கை நடுங்கி இரண்டு சேர்ந்து விழுந்தால் கீழே ஊற்றிவிட்டு முதலிலிருந்து எண்ண வேண்டும். குடித்ததும் வாயைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும், அடக்கி வைத்துப் பிறகு சேர்த்துக் குடிக்கிறவர்கள் உண்டு. பிறகு சுவரில் ஒட்டிய தாளில் ஒரு கோடு.

சொட்டுத் தொடங்கிய மூன்றாம் நாள் சோறு கேட்டார். ஐந்தாம் நாள் தன் அறையைத் தானே பெருக்கினார். பேச்சு ஒழுங்காக இருந்தது. கோர்ட்டுத் தவணை முடிந்தபோது, இதுவரை பைத்தியக் குறி காணவில்லை, இன்னும் பத்து நாள் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதி அனுப்பினார். அனுமதி வந்தது.

சொட்டுத் தொடங்கிய ஆறாம் நாள் பேச்சியம்மாள் ராக்குவைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். பிள்ளை நடுங்கியது. நகம் நீலம். முந்தாநாளும் இதே பதினோரு மணிக்கு நடுங்கிச் சுட்டதாம், பிறகு வேர்த்து விட்டதாம். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மலைக்காய்ச்சல், ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் முறை. கொய்னா மருந்து கொடுத்துப் பெண்கள் வார்டில் படுக்க வைத்தார்.

எட்டாம் நாள் பதினோரு மணிக்கு மறுபடி வந்தது. நான்தான் தெர்மாமீட்டர் வைத்தேன். நூற்று நாலு.

நான் படித்தவன் இல்லை. கொசுக்கடியால் வருகிறது என்று டாக்டர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நானும் நோயாளிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அது எதுவும் உள்ளே போகவில்லை. அந்தப் பிள்ளை எடுத்துக் கொடுத்த வெள்ளைப் பூதான் கண்ணில் நின்றது. கெட்டுப்போன சத்தியத்துக்குத் தவணை வாங்கினோம், பலன் பிள்ளை தலையில் விழுந்தது. வாங்க விட்டவன் நான்.

மாலை சொட்டுக்குப் போனபோது சுருளியாண்டி கேட்டார். "சாமி தவணை குடுத்துச்சே சின்னச்சாமி. பின்ன ஏன் எம் பிள்ளயத் தொடுது?"

நேராக டாக்டரிடம் போனேன். கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் கோர்ட்டுக்குப் போயிருந்த நாளில் நடந்ததைச் சொன்னேன். அவர் திரும்பவில்லை.

"எத்தனை?"

"பதினஞ்சு ஐயா."

"எத்தனை மணிக்கு?"

"மூணு."

கையைத் துடைத்துக்கொண்டு கேஸ் தாளை எடுத்தார். அந்தத் தேதிக்கு நேரே எழுதினார்: மூன்று மணி, பதினைந்து சொட்டு, நோயாளிக்குச் சொல்லாமல், வார்டு ஆள் கொடுத்தது. என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

"அன்னைக்கு அவர் பிழைச்சது அந்தப் பதினஞ்சு சொட்டாலதான் இருக்கும்" என்றார். "அது வேற. நீ செஞ்சது வேற."

"காச்சல் அதுனாலயா ஐயா?"

"கொசுவால."

"நிச்சயமா ஐயா?"

"நிச்சயமா. ஆனா எனக்கு நிச்சயமா இருந்து பிரயோசனமில்லை. அவர்கிட்ட நீ போய்ச் சொல்லு. யார் குடுத்தாங்களோ அவங்க சொல்லணும்."

"பிள்ளைக்கு நல்லானதுக்கு அப்புறம் சொல்றேன் ஐயா."

"நல்லாகலைன்னா?"



ஒன்பதாம் நாள் காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு சொட்டு எண்ணி எடுத்துப் போனேன். கிளாசை அவர் கையில் கொடுக்கவில்லை. சன்னலில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அன்னைக்கு வெறுங் கஞ்சிதானன்னு கேட்டேன்ல?" என்றார்.

"கேட்டீக."

"என்னா சொன்ன?"

"கஞ்சிதான்னு சொன்னேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மணிக்கட்டு முடிச்சைப் பல்லால் அவிழ்த்தார். காசோடு மஞ்சள் துணியைக் கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்னய பிள்ள மேல பொய்ச் சத்தியம் பண்ண வச்சுட்ட" என்றார். அவ்வளவுதான்.

அன்று மூன்று வேளையும் தொடவில்லை. டாக்டர் கொண்டுபோனபோதும் வேண்டாம் என்றார். சாயங்காலம் கொட்டாவி தொடங்கியது. கால் ஆட ஆரம்பித்தது. டாக்டர் என்னிடம் சொன்னார், "பழைய மாதிரி உடைச்சுக்கிட்டு ஓடினார்னா நான் என்ன எழுதினாலும் எடுபடாது. மெட்ராஸ்தான்." அவர் முகத்தில் நான் பார்த்ததை எழுதுவதானால், கண்ணாடியைக் கழற்றி இரண்டு தடவை துடைத்தார்.

பத்தாம் நாள் காலையும் தொடவில்லை. அன்று காய்ச்சலின் முறை. பதினோரு மணிக்கு வர வேண்டும்.

பத்து மணிக்கு டாக்டர் பிள்ளையின் கட்டிலைக் கம்பி அறைக்கே தூக்கி வரச் சொன்னார். "தூரத்துல இருந்து பயப்படுறதுக்குப் பக்கத்துல இருந்து பார்க்கட்டும்" என்றார். நானும் கம்பவுண்டரும் தூக்கி வந்து சுருளியாண்டிக்கு எதிரே போட்டோம். கதவைப் பூட்டவில்லை. பேச்சியம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவளுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

பத்தரை. பிள்ளையின் நகத்தைப் பார்த்தேன். குளிர் வருமுன் நகம் நீலமாகும். நீலமாக இல்லை. நிழல் விழுகிறதோ என்று சன்னல் பக்கம் தள்ளி நின்று மறுபடி பார்த்தேன்.

பத்தே முக்கால். "வெரலு சில்லுன்னு இருக்கே ஐயா" என்றாள் பேச்சியம்மாள். டாக்டர் தொட்டுப் பார்த்தார்.

பதினொன்று. அவர் தெர்மாமீட்டரை என்னிடம் நீட்டினார். "நீ வை. நீ பாரு."

கக்கத்தில் வைத்துக் கையைச் சேர்த்துப் பிடித்தேன். ஐந்து நிமிடம். சுருளியாண்டி முழங்காலைக் கட்டிக்கொண்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டாவி வந்தபோதும் கண்ணை எடுக்கவில்லை. எடுத்துப் பார்த்தேன். பாதரசக் கோடு தெரியவில்லை. திருப்பினேன். தெரிந்தது.

"தொண்ணூத்தெட்டு" என்றேன்.

"பன்னிரண்டு மணிக்கு மறுபடி" என்றார் டாக்டர்.

யாரும் எழுந்து போகவில்லை. ராக்கு தகப்பனைப் பார்த்து, "அப்பா, நீ ஏன் இங்கன இருக்க? வீட்டுக்கு வா" என்றது. பிள்ளை தூங்கிப்போனது. நான் மூச்சை எண்ணினேன். வேறு செய்ய ஒன்றும் இல்லை.

பன்னிரண்டுக்கும் தொண்ணூற்றெட்டு. நடுக்கம் இல்லை. வேர்வை இல்லை. பேச்சியம்மாள் பிள்ளையின் நெற்றியில் கையை வைத்து எடுக்காமலே இருந்தாள். கொய்னா பிடித்துக்கொண்டது என்றார் டாக்டர். தாளில் எழுதிவிட்டு வெளியே போனார்.

ஒரு மணிக்கு மருந்து எடுத்துப் போனேன். வேண்டாம் என்றால் சன்னலில் வைத்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். தண்ணீர் கிளாஸ் ஒரு கையில், சீசாவும் குழாயும் ஒரு கையில். அவர் எழுந்து உட்கார்ந்தார். சன்னலில் இருந்த மஞ்சள் துணியை எடுத்து இடது கையில் சுற்றினார். முடிச்சு விழவில்லை. பேச்சியம்மாள் வந்து கட்டிவிட்டாள்.

"இன்னைக்குக் கணக்கு எம்புட்டு?"

சொன்னேன்.

"இங்கன வந்து எம் முன்னால ஊத்து. வாய் விட்டு எண்ணு. நான் கேக்கணும்."

கிட்டத்தில் உட்கார்ந்தேன். குழாயை நேராகப் பிடித்தேன். அவர் கிளாசைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தார். சத்தமாக எண்ணினேன். அவரும் கூடவே எண்ணினார்.

பதினொன்று.